மூன்று நிமிட விதி

அந்த விதியை எழுதியவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

எங்கள் நிறுவனத்தில் நூற்றுப்பத்துப் பேர். எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆட்கள் பழகட்டும் என்று 'அரட்டை அறை' என்றொரு செயலி செய்யச் சொன்னார் மேலாளர். பொத்தானை அழுத்தினால் யாரோ ஒருவரோடு குரலில் இணைக்கும். பிடித்துப்போனால் மறுநாளும் அவரையே கூப்பிடலாம். ஆறு வாரம் சோறு தண்ணி பார்க்காமல் செய்தேன். மூன்று நிமிடம் யாரும் பேசாவிட்டால் அறை தானாக மூடிக்கொள்ளும் என்று விதியும் வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

முதல் மாத அறிக்கையைப் பார்த்து மேலாளர் துள்ளினார்.

"தம்பி, இந்த ரெண்டு பேரைப் பாரேன். தினமும் நாலு மணி நேரம். புதுசா கல்யாணம் ஆனவங்ககூட இவ்வளவு பேசமாட்டாங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் இவங்களைப் பேச வைக்கிறோம்."

ஒருவர் சம்பளப் பிரிவு அக்கா. இன்னொருவர் சோதனைப் பிரிவில் இருக்கும் பல்லி. கூட்டங்களில் அவர் பேசியதே இல்லை, மைக்கைத் திறந்து மூடும் 'டிக்' மட்டும் கேட்கும். அதனால் அந்தப் பெயர். அவரா நாலு மணி நேரம் பேசுகிறார்? அக்காவைக் கூப்பிட்டேன்.

"பேசறதா? யாரு பேசினா?" என்றார். "அவன் வேலையை அவன் பாப்பான், என் வேலையை நான் பாப்பேன். அவன் டைப் பண்ற சத்தம் கேட்டுட்டே இருக்கும். எங்க வீட்டுக்காரர் தவறிப்போனதுக்கப்புறம் பகல் பூரா நான் ஒருத்திதானே. பக்கத்து ரூம்ல யாரோ இருக்காப்ல ஒரு தெம்பு."

"மூணு நிமிஷத்துல மூடிக்குமே அக்கா?"

"அந்தக் கண்றாவியை எவன் வெச்சானோ. ரெண்டரை நிமிஷத்துக்கு ஒருதரம் 'ம்'னு சொல்லணும். ஒருதரம் நான், ஒருதரம் அவன். அதுக்குன்னு அலாரம் வெச்சிருக்கேன்."

"அவரு ஏன் கூட்டத்துல பேசறதே இல்லை?" என்று பேச்சை மாற்றினேன்.

"அவனுக்குத் திக்கும்ப்பா. மொத நாளே டைப் பண்ணிச் சொல்லிட்டான். வெளியில சொல்லிடாதே. இங்க பேசியே ஆகணும்னு இல்லை பாரு, அதான் தினமும் வரான்."

மேலாளரைக் கூப்பிட்டேன். "சார், அவங்களை விட்டுடுங்க. அவங்க பேசறதே இல்லை. சும்மா கூட இருக்காங்க."

"சும்மாவா? அப்ப என் அறிக்கை பொய்யா? ரெண்டு பேரையும் பிரிச்சு வேற ஆளோட சேத்து விடு. அவனும் பேசக் கத்துக்கட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்துலயே ஆரம்பிக்கட்டும்."

அலுவலகம் என்று ஒன்று இருந்த காலத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் எத்தனை நிமிடம் வாயசைத்தார் என்று எவனாவது அளந்தானா? அவர் இருமினால் போதும், ஆள் இருக்கிறார் என்று நாம் நம் வேலையைப் பார்ப்போம். இங்கே ஒரு மனிதர் நிம்மதியாக உட்கார ஒரே ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறார். அங்கேயும் கடிகாரத்தோடு போய் நிற்கிறோம். கடிகாரம் செய்து கொடுத்த மடையன் நான்.

வெள்ளிக்கிழமை நூற்றுப்பத்துப் பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். மேலாளர் அறிக்கையைத் திறந்தார். பெயர்கள் இருக்க வேண்டிய இடம் காலி.

"தம்பி, பேரெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன் சார். மூணு நிமிஷ விதியையும் எடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காமதான் வெச்சேன். அப்படியே எடுத்துட்டேன்."

"பேர் இல்லாட்டி என்ன, எனக்கு ஞாபகம் இருக்கு. சோதனைப் பிரிவுத் தம்பி, மைக்கைத் திறங்க."

டிக். மூச்சு மட்டும் கேட்டது.

"சார்," என்று அக்காவின் குரல் குறுக்கே வந்தது. "எங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நாங்க வேலை பாக்கறோம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

டிக். மைக் மூடிக்கொண்டது. மேலாளர் அறிக்கையின் அடுத்த பக்கத்துக்குத் தாவினார்.

சாயங்காலம் அவரிடமிருந்து மின்னஞ்சல். திங்கட்கிழமைக்குள் விதியும் பெயர்களும் திரும்ப வர வேண்டுமாம், இல்லாவிட்டால் செயலியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். முடியாது என்று பதில் எழுதினேன். காரணம் கேட்பார். கேட்கட்டும், இனி எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும்; நூற்றுப்பத்துப் பேருக்கும் நகல் போட்டே அனுப்பியிருக்கிறேன்.