மூத்தாள்

"ஒருக்களிச்சுப் பிடிச்சா போயிரும்," என்றார் மாமா. காருக்கும் மதிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நின்று, தன் தோளை வைத்து இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். வயிற்றை உள்ளே இழுத்திருந்தார். "தலைப்பக்கம் ரெண்டு பேர், கால்பக்கம் ரெண்டு பேர். இப்படியே சாய்ச்சு..."

"யாரைச் சாய்க்கிறீங்க?" என்றாள் அவள்.

மாமா சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டார். அம்மாவின் தம்பி அவர். விடியும் முன்பே வந்து, அழுது முடித்து, ஆக வேண்டியதைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"இல்லன்னா பின்பக்கமா கொண்டுபோயிரலாம்மா. பக்கத்து வீட்டுல கேட்டுட்டேன். போன தடவை ஆஸ்பத்திரிக்கு அப்படித்தானே தூக்கினோம்?"

போன தடவை அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கத்துக் குட்டைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்கிய ஈரத்துணி அம்மாவின் முகத்தில் இழுபட்டது. "பார்த்துப்பா, இந்த பிரிட்ஜுக்குள்ள முட்டை இருக்கு," என்றாள் அம்மா. தூக்கியவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அம்மா, இனி எங்கேயும் வரமாட்டேன் என்றாள். பிறகு வரவேயில்லை.

"அம்மா முன்வாசல் வழியாத்தான் போவாங்க," என்றாள் அவள். "நேரா. காரை எடுக்கச் சொல்லுங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா காரைப் பார்த்தார்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவளும் இந்தச் சந்தில் ஒருக்களித்துத்தான் நுழைந்தாள். தோள்பை மட்கார்டில் உரசியது. "பார்த்து, பார்த்து... பெயிண்ட்," என்றது வாசற்படியிலிருந்து அப்பாவின் குரல். அம்மா செத்த நாளில் அப்பா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விட்டாள்.

கார் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்பே வந்தது. மோரிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும். திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து சின்னக் கை மாதிரி ஒரு சிக்னல் எழும்பும். அப்பா அதைப் பிரிப்பார், கோப்பார், மறுபடி பிரிப்பார். இங்கிலாந்திலிருந்து ஒரு வாஷர் வருவதற்காக ஒரு பருவம் முழுக்கக் காத்திருப்பார். அம்மா அதற்கு வைத்த பெயர் மூத்தாள். "நான் ரெண்டாந்தாரம்தானே," என்பாள் வீட்டுக்கு வருகிறவர்களிடம். "மூத்தாளைத் தாண்டித்தான் எங்கிட்ட வரணும்." தையல் மெஷினுக்கு வைத்திருந்த எண்ணெய் கார்புரேட்டருக்குப் போனது. பெயிண்ட் அடித்த இரும்புத் துண்டுகள் அம்மா கேக் செய்யும் ஓவனில் வெந்தன. வீடெல்லாம் நாறியது. "இன்னைக்கு மூத்தாள் சமையல்," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் சிரித்துத் தொலைத்திருக்கிறோம் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

போன மழைக்கு முன்னால் அப்பா காரை வாசல் சந்தில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, நான்கு இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார். மழை முடிந்து அம்மாவுக்குக் கால் வீங்கியது. ஒருக்களித்து நடக்க முடியவில்லை. காரை எடுக்கச் சொல்லி அவள் ஊரிலிருந்து அப்பாவிடம் போனில் கத்துவாள். "அடுத்த வாரம் இறக்கிடறேன்மா," என்பார் அப்பா.

அப்பாவின் பழைய கார் கிளப் செயலாளர் வந்தார். சந்தில் லாவகமாக நுழைந்து, உள்ளே அம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு வெளியே வந்தார். வந்தவர் குனிந்து கதவுப்பக்கமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்ன ஃபினிஷ் சார்! ஒரு அலைகூட இல்ல. இந்தப் பச்சை ஒரிஜினல் ஷேடா?"

"சார், அம்மா உள்ளே இருக்காங்க," என்றாள் அவள்.

"பார்த்துட்டேம்மா."

"இன்னொரு தடவை பாருங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் ஒதுங்கினார்.

"எடுத்துடலாம்மா," என்றார் அப்பா. "ஆனா பிரேக் இல்ல."

"சக்கரமே இல்ல."

"சக்கரம் மாட்டிடலாம். பிரேக் வேணும். கேட்லேர்ந்து சரிவு, தெருவும் சரிவு. கீழே பஸ் போற ரோடு. ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து கிடக்கு."

"ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா நிக்காதா மச்சான்?" என்றார் மாமா.

"நிக்காது."

"பிரேக்குக்கு என்ன?" என்றாள் அவள்.

"எல்லாம் புதுசு போட்டாச்சு. ஆயில் ஊத்தியாச்சு. பைப்ல இருக்கிற ஏர் மட்டும் எடுக்கணும்."

"அதை ஏன் எடுக்கல?"

அப்பா குனிந்து ஒரு ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"கேக்கிறேன்ல?"

"அதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் உள்ள உட்கார்ந்து பெடல் மிதிக்கணும்." அப்பா தன் விரல் நகத்தைப் பார்த்தார். "உங்கம்மாவுக்குக் கால் வத்தட்டும்னு இருந்தேன்."

அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கார் நின்றதால் அம்மா வெளியே போகவில்லை. அம்மா வராததால் கார் நகரவில்லை. இத்தனை மாதமும் அம்மாவும் மூத்தாளும் ஒருவர் காலுக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறார்கள்.

"தெருவுல ஒருத்தனுக்கும் காலே இல்லையா?" அவள் குரல் உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்த அறைவரை போனது. "பேப்பர் போடறவனைக் கூப்பிட்டிருந்தா மிதிச்சிருப்பானே!"

"அவளுக்குத்தான் பக்குவம் தெரியும். மத்தவங்க அவசரப்பட்டுக் காலை எடுத்துடுவாங்க."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்." அப்பா நிமிர்ந்தார். "'வர்றேன், இருங்க'ன்னா."

மாமா கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஸ்பானரை எடுங்க," என்றாள் அவள்.

"நான் வேணா மிதிக்கிறேனே..." என்றார் செயலாளர்.

"நீங்க நில்லுங்க."

ஓட்டுநர் பக்கம் மெத்தை இன்னும் தைக்கவில்லை. வெறும் கம்பிச் சட்டத்தின்மேல் வீட்டுத் தலையணை ஒன்று, நடுவில் அமுங்கிக் கிடந்தது. பிரேக் பெடலில் ஒரு மரக்கட்டை, கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மாவுக்குக் கால் எட்டாது. ஏறி உட்கார்ந்த அவளுக்கு அந்தக் கட்டையோடு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"அதைக் கழட்டிடவா?" என்றார் அப்பா.

"வேண்டாம்."

சட்டத்தின் இடுக்கில் காய்ந்த பீன்ஸ் காம்புகள் இருந்தன. அம்மா மடியில் தட்டை வைத்து நறுக்கிக்கொண்டேதான் மிதிப்பாள். சின்ன வயதில் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது வாசலிலிருந்து அந்தக் குரல்கள் வரும். மிதி. மிதிச்சாச்சு மகாராஜா. பிடி. பிடிச்சிருக்கேன். எடு. மறுபடியும், மறுபடியும், கத்தி தட்டில் படும் சத்தத்தோடு.

அப்பா பின்சக்கரம் இருந்த இடத்துக்குப் போய்த் தரையில் படுத்தார். அங்கே பிரேக் பைப்பின் முனையில் இருந்த சின்ன நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஜாம் பாட்டிலில் விட்டார்.

"மிதி," என்றார்.

மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"மிதிச்சாச்சுன்னு சொல்லணும்மா. சொன்னாத்தான் நான் திறக்க முடியும்."

அவள் பல்லைக் கடித்தாள். "மிதிச்சாச்சு."

"பிடி."

கீழே ஸ்பானர் திரும்பியது. பாட்டிலில் காற்றுக் குமிழிகள் வெடிப்பது கேட்டது. பெடல் தளர்ந்து தரையைத் தொட்டது. அப்பா நிப்பிளை இறுக்கினார்.

"எடு."

நான்கு தடவைக்கு ஒருமுறை காலடியில் இருந்த தகட்டு மூடியைத் திறந்து ஆயில் ஊற்ற வேண்டும். அம்மாவின் பழைய நைட்டியைக் கிழித்த துணி ஒன்று அதற்கென்று கிடந்தது. அவள் ஊற்றினாள், சிந்தியதைத் துடைத்தாள், மிதித்தாள். இரண்டாவது சக்கரம். மூன்றாவது. உள்ளே யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கி ஓய்ந்தார்கள். தெருவில் அம்மாவை ஏற்றிப்போக வண்டி வந்து நின்றது. "கொஞ்சம் பொறுங்க," என்று மாமா டிரைவரிடம் சொல்வது கேட்டது.

கடைசிச் சக்கரம்.

"பிடி," என்றார் அப்பா.

பெடல் தரையில் இருந்தது. நிப்பிள் திறந்திருந்தது. இப்போது காலை எடுத்தால் போதும். காற்று உள்ளே ஏறிவிடும், செய்த வேலை முழுவதும் வீண். அப்பா சிமெண்ட் தரையில் அழுக்குத் தண்ணீரில் முதுகு நனையக் கிடந்தார். வழுக்கைத் தலை மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. எழுந்து வந்து இந்த முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும், ஏன் எடுத்தாய் என்று.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"எடு."

எடுத்தாள். மறுபடி மிதித்தபோது பெடல் பாதியிலேயே நின்றது. கெட்டியாக.

மாமாவும் அப்பாவும் சக்கரங்களை மாட்டினார்கள். அவள் இறங்கவில்லை. ஆயில் துணி கையில் கனத்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். ஒரு தடவை அம்மா கையிலிருந்து ஒரே ஒரு சொட்டு கதவில் விழுந்ததற்கு அப்பா விருந்தாளிகள் முன்னால் போட்ட சத்தத்தில், அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். அன்றும் எழுந்து சிரித்தாள்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, துணியை மட்கார்டின்மேல் வைத்தாள். உள்ளங்கையால் அழுத்தினாள்.

ஜாக்கி இறங்கியது. எல்லோரும் முன்னால் வந்து நின்று பின்னோக்கித் தள்ளத் தயாரானார்கள்.

"சார், ஆயில் துணி... மட்கார்டுல!" என்றார் செயலாளர்.

அப்பா துணியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தார்.

"தள்ளுங்க," என்றார்.

கார் முனகிக்கொண்டு நகர்ந்து கேட்டைத் தாண்டியது. சரிவில் தானாக வேகம் பிடித்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, தெருவோரம் திருப்பி மிதித்தாள். நின்றது. மதிலின் நீளத்துக்குச் சந்து காலியாகக் கிடந்தது. அவ்வளவு அகலமா என்று யாரோ சொன்னார்கள்.

அம்மா வந்தாள். யாரும் ஒருக்களிக்கவில்லை. யாரும் வயிற்றை இழுக்கவில்லை. தலைப்பக்கம் அப்பா, முதுகு ஈரமாக. கேட்டைக் கடந்து, காரின் பக்கமாக, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கொண்டுபோனார்கள். அவளால் இறங்க முடியவில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்க யாருக்கும் நினைவு வரவில்லை. காலை எடுத்தால் கார் அவர்கள்மேல் உருளும். அவள் மிதித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு கண்ணாடியில் பார்த்தாள். வண்டியின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"ஏறுங்க மச்சான், நேரமாச்சு. அவளையும் கூப்பிடுங்க," என்றார் மாமா.

அப்பா ஒரு செங்கல்லோடு வந்தார். பின்சக்கரத்துக்குக் கீழே வைத்து, குதிகாலால் உதைத்து இறுக்கினார். ஜன்னலருகே வந்து மட்கார்டில் இருந்த துணியைத் தூக்கினார். பச்சை, பாலாடை மாதிரி சுருங்கித் துணியோடு கொஞ்சம் உரிந்து வந்தது. அடியில் இரும்பு தெரிந்தது. துணியை மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"எடு," என்றார்.

அவள் எடுக்கவில்லை. அப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலுக்குக் கீழே பெடல் ஒரு நூல்கூட இறங்காமல் அப்படியே இருந்தது.