வெள்ளை விரிப்பில் ஊதா

ஏப்ரல் 5, ஞாயிறு.

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முழுக்க ஆலயத்து மேசையில் கிடந்த ஊதா விரிப்பையும், ஈஸ்டருக்குப் போட வேண்டிய வெள்ளை விரிப்பையும் நேற்று ஒரே வாளியில் ஊறவைத்துவிட்டேன். இரண்டையும் துவைத்து இஸ்திரி போடுவது என் பொறுப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வருவதற்குள் ஊறிவிடும், நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். திட்டம் போடுவதில் எனக்கு எப்போதும் குறைவில்லை. மாலையில் தூக்கிப் பார்த்தால் வெள்ளை, வெள்ளையாக இல்லை. இலேசான ஊதா, அதுவும் திட்டுத்திட்டாக. கை வலிக்கக் கசக்கியும் போகவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “நல்லவேளை, சபையையே ஊறவைக்காம விட்டியே.”

அக்கா சிரிக்கவில்லை. குளிர் தொடங்கிய நாட்களில் அவளுக்குப் பிறந்த குழந்தை கண் திறக்காமலே போய்விட்டது. அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அத்தான் வருவார். நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, “அப்ப நான் வரட்டுமா?” என்று கேட்டுத் தனியாகத் திரும்புவார். அவள் எப்போது தன் வீட்டுக்குப் போவாள் என்று யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியும் எங்களோடு உட்கார்ந்திருக்கும்.

அவளுக்காகத்தான் ஈஸ்டர் ஆராதனையில் பேச ஒப்புக்கொண்டேன். அன்றாட வாழ்க்கையில் கண்ட ஒரு விசுவாசப் பாடம், இரண்டு நிமிடம். பேருந்து நிறுத்தத்தில் மொட்டையாக நின்ற மரம் வெயில் வந்ததும் தளிர்த்திருப்பதை எழுதினேன். நான் போகும் மாலைநேர எழுத்து வகுப்பில் சொல்லித்தந்தபடி தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருந்தன. வெள்ளிக்கிழமை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“நல்லாயிருக்குடி” என்றாள். பிறகு, “ஆனா போன இலை திரும்பி வரலியே. வேற இலைதான வந்திருக்கு” என்றாள்.

தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

இன்று காலை வேறு வழியில்லாமல் அதே விரிப்பைப் போட்டோம். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

“கோளாறு கண்ணாடியிலயா, துணியிலயா? நீயே சொல்லும்மா, உங்க கடையில வாங்கினதுதான்.”

“துணியிலதான் ஐயா. லெந்து கொஞ்சம் ஒட்டிக்கிச்சு.”

வரமாட்டேன் என்றிருந்த அக்கா, முதல் பாட்டு முடிந்த பிறகு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மரத்தைப் பற்றி என்னால் பேச முடியவில்லை. வாளியில் நடந்ததை மட்டும் சொன்னேன். சபை சிரித்தது. பாடம் என்று எதையும் சொல்லாமலே இறங்கி வந்தேன், காது சுட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா மேசையருகே வந்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரிப்பைத் தொட்டாள்.

“இத மறுபடி வெளுக்கப் போறியா?”

“ஆமாக்கா. சோடா உப்பு போட்டாப் போயிடும்னு அம்மா சொன்னா.”

“வேணாம். இருக்கட்டும்.” விரல் அந்த ஊதாத் திட்டிலேயே நின்றது. “பளிச்சுன்னு வெள்ளையா இருந்திருந்தா, இந்த ஈஸ்டர் நமக்கில்லன்னு எந்திரிச்சுப் போயிருப்பேன்டி. உயிர்த்து வந்தப்பவும் ஆண்டவர் கையில ஆணித் தழும்பு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சுக்கா. நம்பாத சீஷன் தோமாவுக்குக் காட்டினாரே.”

அவள் தலையசைத்தாள். நான் விரிப்பின் நுனியை நேராக இழுத்துவிட்டேன்.

மதியம் அத்தான் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். எழுந்து, “அப்ப நான் வரட்டுமா?” என்றார்.

“நாளைக்கு நான் வர்றேன்” என்றாள் அக்கா. “அந்த ரூமைப் பூட்டியேதான வச்சிருக்கீங்க?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினார்.

“காத்துப் படாமக் கெடந்தா வாடை அடிக்கும். இவளையும் கூட்டிட்டு வர்றேன். ஆனா துவைக்கிற வேலை மட்டும் இவகிட்ட குடுத்துடாதீங்க.”

அத்தான் சிரிக்கப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாளை: கடைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அக்காவோடு போய், குழந்தைக்கென்று வைத்திருந்த அறையின் ஜன்னல்களைத் திறந்து துடைக்க வேண்டும்.