மாடி ஜன்னல் உயரத்தில் கடற்பசு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பழைய சுங்கச்சாவடித் தெருவுக்குள் ஒரு கடற்பசு நீந்தி வந்தது. தண்ணீர் இல்லை, மாடி ஜன்னல் உயரத்தில், அவசரமில்லாமல் வந்தது. தபால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டார். அந்நிய அதிகாரிகள் கட்டிவிட்டுப் போன தெரு அது, ஜன்னல்கள் அகலமானவை. படகுக்காரியின் ஜன்னலைப் பார்த்து அது உள்ளே நுழைந்தது.

முப்பது வருஷமாகக் கண்ணாடித் தரை போட்ட படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பவளப்பாறை காட்டுகிறவள் அவள். கடற்பசுக்கள் மேயும் கடற்புல் திட்டை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. அந்தப் பக்கம் போனால் மோட்டாரை அணைத்துவிடுவாள், கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பதைப் போல. ஒரே ஒரு தடவை, மனைவியைப் பறிகொடுத்துச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த தம்பியை அங்கே கூட்டிப்போனாள். தாயும் குட்டியும் மேய்வதைப் பார்த்து அவன் வாய்விட்டு அழுதான், அன்றைக்குத்தான் சாப்பிட்டான். சுற்றுலா அலுவலகத்தில் வரைபடம் போடுவது அவன் வேலை. அடுத்த சீசன் வரைபடத்தில், கவர்னர் மாளிகைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே, அந்தப் புல் திட்டின் மேல், சிரிக்கும் கடற்பசு ஒன்று இருந்தது. பதினான்கு படகுகள் போயின. குட்டி மோட்டாரில் அடிபட்டுச் செத்தது.

தாய்தான் இப்போது அவள் கட்டிலுக்கு மேலே மிதந்துகொண்டு அவளையே பார்த்தது. "நான் யார்கிட்டயும் சொல்லலம்மா," என்றாள். சொல்லி முடித்ததும், தம்பிக்குக் காட்டியதும் சொன்ன மாதிரிதானே என்று உறைத்தது.

தம்பி படியேறி வந்தான். "இத்தனை பேர் போவாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"வரைபடம் எதுக்குடா போடுறது, வீட்லயே உட்கார்ந்திருக்கறதுக்கா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு வருஷம் ஆயிற்று. விடிந்ததும் அவள் துடுப்புப் போட்டுப் போய்க் கடற்புல் அறுத்து வருவாள். ஆளுக்கு ஒரு பிடி வாங்கித் தெருக்காரர்கள் ஜன்னலில் வைப்பார்கள். கடற்பசு ஒவ்வொரு ஜன்னலாக மேய்ந்துகொண்டு போகும். இது என்ன புல் என்று சுற்றுலாக்காரர்கள் கேட்டால், "கொசு வராதுங்க," என்பார் தபால்காரர். அந்த ஒரு பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார்.

கரைக்கு வந்து அவளிடம் புல் வாங்கத் தம்பிக்கு முகமில்லை. அதனால் அவன் பங்குப் பிடியை அவளே அவன் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் எடுத்து, கழுவி, ஜன்னலில் வைப்பான். ஒன்பதே முக்காலுக்குக் கடற்பசு அந்த ஜன்னலை மட்டும் நிற்காமல் கடந்துபோகும். அவன் ஜன்னலைச் சாத்துவதில்லை.