மட்டி முட்டை

கோழி வளர்த்த கைக்கு முட்டை தேடச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிந்ததும் முத்தழகு முதல் வேலையாகக் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டு, மட்டிச் சிப்பிகளுக்கு அடியில் கிடக்கும் மணலைத் துழாவுவாள். ஒன்றும் இருக்காது. "நல்லா வாயப் பொளந்துக்கிட்டு மட்டும் கெடங்க" என்று அவற்றை வைதுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

அவளுடைய மகள் சுபலட்சுமி ஆராய்ச்சிக்காகத் தொண்டிக் கடலிலிருந்து கொண்டுவந்த மட்டிகள் அவை. "இதுக ஒரு தடவ முட்டை விட்டுருச்சுன்னா என் படிப்பு முடிஞ்சுரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்த பிள்ளை, போன மாதம் தொண்டி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், காரைக்குடியில் அந்த வீட்டுக்குள் முத்தழகும் மட்டிகளும்தான் மிச்சம். மகள் ஆசைப்பட்ட முட்டையையாவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர முத்தழகுக்கு வேறு நினைப்பே இல்லை.

மகளோடு படித்த அபி அவ்வப்போது கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். "தண்ணி கலங்காமப் பாத்துக்கங்கம்மா" என்பாள். அதற்குமேல் பேச இரண்டு பேருக்கும் தெம்பு இருக்காது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்துவிட்டது. மகள் கைபட்ட இந்த உயிர்களும் அழுகிப்போகுதோ என்று முத்தழகு பதறி, அத்தனை தண்ணீரையும் மொண்டு கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டினாள். கேனில் இருந்த கடல் தண்ணீரை விட்டு, மட்டிகள் மெல்ல வாய் திறந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அபி வந்ததும் முத்தழகு, "எல்லாத்தையும் காப்பாத்திட்டேன் ஆத்தா! தண்ணி பாலாட்டம் ஆயிருச்சு, கொட்டிட்டு மாத்திட்டேன்" என்றாள்.

அபி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா கொட்டுனீக?"

"மரத்தடியில. ஏன் ஒம் மொகம் செத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"என்னன்னு சொல்லு."

பொய் சொல்ல அபிக்கு வாய் வரவில்லை. "அந்த வெள்ளைதாம்மா முட்டை. ஆணும் பொண்ணும் தண்ணியிலயே விட்டுரும், அதுலயே சேந்து குஞ்சாகும். ஒண்ணொண்ணும் கண்ணுக்கே தெரியாது. நாந்தான் உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டேன்."

முத்தழகு அழவில்லை. தெரியாமல் செய்தாலும் தன் கை செய்ததுதானே என்று நெஞ்சு வெந்தது. அபி கொண்டுவந்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். நேற்றுக் கொட்டிய இடம் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன்மேல் கடல் தண்ணீரை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது.

"இப்ப உசுரு வந்துருமா ஆத்தா?"

அபி கிட்டே வந்து, முத்தழகின் கைகளோடு தன் கையையும் சேர்த்துக் கேனைச் சாய்த்துப் பிடித்தாள்.