மற்றவை மாறாதிருக்க

இணைப் பேராசிரியர் தணிகாசலத்தின் ஆய்வுக் கட்டுரை அச்சேறிய நாளிலிருந்து எங்கள் ஊரில் தக்காளி விலையைத் தவிர வேறு எதுவும் மாறுவதில்லை. மூன்றாம் பக்கத்தில் 'மற்றவை மாறாதிருக்க' என்று எழுதியிருந்தார். பொருளாதாரக்காரர்கள் போகிற போக்கில் எழுதுகிற வரிதான். ஊர் அதை மதித்து நடந்துகொண்டது.

இருபத்திரண்டு வருடங்கள் ஆயின. சந்தை வாசலில் ஓர் ஆடு அதே போஸ்டரைத் தின்றுகொண்டிருக்கிறது. தணிகாசலத்தின் தலைமுடி கன்னங்கரேலென்று இருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தக் கட்டுரைக்கே 'ஒரு மறுபார்வை' எழுதினார். பிறகு 'மறுபார்வையின் மறுபார்வை' எழுதினார். நாற்பத்தொரு கட்டுரைகளில் அந்த முதல் கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. நாற்பத்தொன்றும் அவர் எழுதியவை.

ஒரு செவ்வாய்க்கிழமை, தக்காளி விற்கும் பவுனம்மா தன் மருமகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறைக்கு வந்தாள்.

"இவளுக்கு இருவத்திரெண்டு வருசமா ஒம்பதாம் மாசம் சார். வளைகாப்பு வளையலக்கூட கழட்டல. நீங்க மனசு வச்சா புள்ள பொறந்துரும்."

"நான் என்னம்மா பண்ண முடியும்?"

"எழுதுனது நீங்கதான?"

எழுதிய அனுமானங்களைத் திருத்தித் தரும் அனுமானப் பிரிவு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. வழியில் இரண்டு இடத்தில் டீ குடித்தார்கள். கிளார்க் இருளப்பன் ஒரு படிவத்தை நீட்டினார். மாற வேண்டியது எது என்று அதில் ஒரே ஒரு கட்டம்.

"அப்படியே என் பதவி உயர்வையும் எழுதிரலாமா?" என்றார் தணிகாசலம்.

"அதுவும் மத்ததுலதான் சார் வருது. இத்தன வருசமா தெரியாதா?"

தெரியாது. வருடாவருடம் துணைவேந்தரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் எழுதுறேனே?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாறலாம். உங்க ரூல்தான் சார், மூணாம் பக்கம்."

"யார் படிச்சா?"

"யாரும் படிக்கல. சர்க்குலர்ல வந்துச்சு."

"அப்ப தக்காளி விலை?"

"அது நின்னுரும்."

தணிகாசலம் கட்டத்தில் 'பேராசிரியர்' என்று அழகாக எழுதினார். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதை அடித்துவிட்டு 'பிரசவம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

குழந்தை தாழ்வாரத்திலேயே பிறந்தது. ஆண். தக்காளி பதினெட்டு ரூபாயில் நின்றது. ஊரில் மாறக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்பதால், எல்லா மாற்றத்தையும் அவனே செய்ய வேண்டியிருந்தது. டீ வேளைக்குள் தவழ்ந்தான். சாப்பாட்டுக்கு முன் பிளஸ் டூ முடித்தான். மூன்று மணிக்கு முனைவர் பட்டம் வாங்கினான். நான்கு மணிக்கு நரைத்த மீசையோடு பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து தணிகாசலத்தைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"உக்காருங்க தணிகாசலம். உங்க கட்டுரையப் படிச்சேன்."

"படிச்சீங்களா?"

"மூணாம் பக்கத்துல ஒரு அனுமானம் இருக்கு. அது இல்லேன்னா நான் கொஞ்சம் முன்னாடியே பொறந்திருப்பேன்."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் பக்கம் வரை வந்த முதல் ஆள் இவர்தான்.

"மீதியையும் படிப்பீங்களா சார்?"

"அஞ்சு மணிக்கு ரிட்டயர் ஆறேன். கண்ணும் சரியாத் தெரியல."

தணிகாசலம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நான்காம் பக்கத்தை உரக்க வாசிக்கத் தொடங்கினார்.