கோட்டுக்கு இந்தப் பக்கம்

“உன் படத்தைப் போடாம விட்டா ஊரு என்ன—”

“ஊரு என்ன செத்தா போயிடும்? உயிரோட இருக்கேன் அண்ணி, என் மூஞ்சிய எதுக்குக் கல்லறையில—”

“உயிரோட இருக்கறவங்கதான்டி போடுவாங்க. செத்தப்புறம் நீயா வந்து கல்லு பாப்பே?”

கல்தச்சர் பிளகோயேயின் பட்டறை வாசலில் நாத்தனாரும் தம்பி மனைவியும் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். தெசாங்காவின் கணவன் மிலுதின் போய்ச் சேர்ந்து, வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். அன்றைக்குக் கல் நட்டாக வேண்டும். பளபளக்கும் கறுப்புக் கல்லின் இடப் பாதியில் மிலுதின் மீசையோடு தயார். வலப் பாதி பெண்டாட்டிக்கு: படம், பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வருவதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். திமோக் ஆற்றங்கரை ஊரில் விதவைகள் எல்லோரும் அப்படித்தான் புருஷன் பக்கத்தில் கல்லில் நிற்கிறார்கள். சனிக்கிழமை போய்த் தங்களுக்குத் தாங்களே பூ வைத்துவிட்டு, வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

தெசாங்கா மட்டும் மாட்டேன் என்றாள். ஐம்பத்தொன்பது வயது. கோட்டுக்கு இந்தப் பக்கமே இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. அது யாருக்கும் காரணமாகவே படவில்லை. ரொட்டிக் கடைக்காரி, “ஆள் யாராவது பாத்து வச்சிருக்கியா?” என்று கேட்டாள். வியன்னாவிலிருந்து மகள் போன் செய்து, “எல்லாரும் போடறதுதானேம்மா” என்று அழுதாள். நாத்தனார் விதொசாவா அவளை டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று விசாரித்து அவர் மாத்திரை எழுதினார். செத்துப்போன மனைவிக்குப் பக்கத்தில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, அவரும் கல்லில் நிற்கிறவர்தான்.

“பாதிரியார் சொன்னதக் கேட்டீங்கல்ல அண்ணி? வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லைன்னாரு.”

“வேதத்துல இல்லாட்டி என்ன, கல்லறைத் தோட்டம் பூரா இருக்குல்ல.”

பிளகோயே பென்சிலைக் காதில் செருகினார். “இன்னும் நாலு நாள்தான் இருக்கு. படத்தைக் குடுங்க, இல்ல ஆளை விடுங்க. சாகற வருஷத்துல முதல் ரெண்டு எண்ணு, இருபது, அதை இப்பவே வெட்டிடறேன். மிச்சத்தைப் பொறவு பாத்துக்கலாம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது.”

தெசாங்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“உங்க கல்லுல பத்தொன்பதுன்னு வெட்டியிருக்கே அண்ணி. உங்க வீட்டுக்காரர் செத்த எண்பத்தெட்டுல வெட்டினது. அந்த நூறு வருஷமே முடிஞ்சு போச்சு. நீங்க இன்னும் போகலையே, அதுக்கு என்ன பண்றதா உத்தேசம்?”

“ஊர்ல முப்பது பேர் கல்லுல அப்படித்தான் இருக்கு” என்றாள் விதொசாவா. “முப்பது பேருக்கு இருந்தா அது தப்பாயிடுமா?”

ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஆல்பத்திலிருந்து தெசாங்காவுக்குத் தெரியாமல் பிய்த்து வந்திருந்த படம் விதொசாவாவின் கைப்பைக்குள் இருந்தது. அதை எடுக்காமலே பையை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள். படம் இல்லாமல் பிளகோயே என்ன வெட்டுவார்?

சனிக்கிழமை கல் நின்றது. வலப் பாதி கண்ணாடி போல வெறுமையாக இருந்ததால் குனிந்த பெண்களுக்கெல்லாம் தங்கள் முகமே தெரிந்தது. அவித்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி தின்றார்கள். மண்ணில் ரக்கியாச் சாராயத்தை ஊற்றினார்கள். நுரையீரல் கெட்டுச் செத்தவனுக்கு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவன் தலைமாட்டில் செருகினார்கள். அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

“பாதி ஏன் காலியா இருக்கு?” என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

தெசாங்கா வாயைத் திறப்பதற்குள் விதொசாவா முந்திக்கொண்டாள். “படம் பெல்கிரேடுலேர்ந்து வரணும். அங்க மிஷின் ரிப்பேர்.”

“அதானே பாத்தேன்.”

கூட்டமே மூச்சு விட்டது. மூன்றாவது கோப்பை ரக்கியாவுக்குள் படம் ரொம்ப நன்றாக வந்திருப்பதாக ஐந்து பேர் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி அதை நேரிலேயே பார்த்திருந்தாளாம். இருந்த இடத்தை விட்டு அசையாமலே தெசாங்கா ஊரோடு சேர்ந்தவளாகிவிட்டாள். மறுத்துப் பேச அவளுக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் கலைந்ததும், மிச்சக் கோதுமைப் பாத்திரத்தோடு நாத்தனாரைத் தேடினாள். இரண்டு வரிசை தள்ளி விதொசாவா தன் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, வழக்கம்போல் தன் முப்பத்தெட்டு வயது முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, கன்னம், பெயர், கோடு. பத்தொன்பதில் துணி நின்றது.

திரும்பாமலே சொன்னாள்: “முப்பத்தாறு வருஷமா இதை ஒருத்தரும் கேட்டதில்ல. நீ எதுக்குடி கேட்டே?”