ராகு காலத்தில் போட்ட பைத்தான்

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் ஒன்பது வருடமாக நான் தற்காலிக ஊழியை. பெயர் எழிலரசி. வீடு கடலூரில். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இடம் ஒன்று நிரந்தரமாகக் காலியானதும், முதல்வர் ராமாமிர்தம் மேடம் என்னையும், என்னைப் போலவே தற்காலிகமாக இருந்த கிளார்க் தேவநாதன் சாரையும் கூப்பிட்டார்.

"ஆயிரத்து நூறு பசங்களுக்கு எக்ஸாம் ஹால் சீட்டிங் போடணும். வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு யாரு நல்லா போட்டுக் காட்டறீங்களோ, அவுங்களுக்குத்தான் போஸ்ட்."

சார் எக்செல்லில் புலி. நான் சும்மா இருந்திருக்கலாம். "பைத்தான்ல ரெண்டே நிமிஷம் மேடம்" என்று வாயை விட்டேன். பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் அப்போது எனக்குத் தெரிந்தது, ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்த பத்துப் பாடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீடியோவில் இருந்த லிங்க்கை அமுக்கி லேப்டாப்பில் பைத்தானை ஏற்றினேன். எக்செல் தாளைப் படிக்கத் தனியாக ஒரு பேக்கேஜ், அதாவது துணைப் புரோகிராம், வேண்டுமாம். பைத்தானைத் திறந்து, அதை இறக்கும் கட்டளையான 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்தேன். சிவப்பு எழுத்தில் திட்டியது. மறுபடி அடித்தேன். மறுபடி திட்டியது.

என் கணவர் ஜெயப்பிரகாஷ் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாலரையிலேருந்து ஆறு ராகு காலம் எழிலு. அந்த நேரத்துல போட்டா எப்புடி ஓடும்? நாளைக்கு ஆறரை மணிக்கு மேல நல்ல நேரம். புதுசா போடு."

எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த இடம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. திங்கள் காலை ஆறே முக்காலுக்கு, குளித்துவிட்டு வந்து, புதுப் பைத்தானை இறக்கிப் போட்டேன். இந்த முறை வேறொரு வீடியோவில் சொன்னபடி கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னலில் 'பிப்' அடித்தேன். கடகடவென்று இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

புதன்கிழமை புரோகிராமை எழுதி முடித்து ஓட்டினேன். அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது. இல்லையா? கருப்பு ஜன்னலில் மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது. ஓட்டினால் இல்லை; கேட்டால் இருக்கிறது. வியாழன் முழுக்க இதேதான். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இணையத்தை மாற்றினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளி காலை சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மடியில் லேப்டாப். ஆலப்பாக்கம் தாண்டியதும், 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற அந்த நீள வரியை முதல்முறையாகக் கடைசிவரை படித்தேன். அதன் நடுவில் 312 என்று ஓர் எண், அதாவது பைத்தானின் 3.12 பதிப்பு. நான் புரோகிராம் ஓட்டும் ஜன்னலின் முதல் வரியில் 3.11.

அப்படியானால் உள்ளே இரண்டு பைத்தானா? திங்கட்கிழமை போட்டபோது ஞாயிற்றுக்கிழமையினுடையது போகவே இல்லையா? மளிகையை மாமியார் அடுப்படியில் இறக்கிவிட்டு, தனிக்குடித்தன அடுப்படியில் நின்று பருப்பைத் தேடியிருக்கிறேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான் ஞாயிற்றுக்கிழமையினுடையது. இரண்டு நாளும் அதைத்தான் அமுக்கியிருக்கிறேன். ஞாயிறன்று திட்டியதற்குக் காரணமும் ராகு இல்லை. 'பிப்'பை அடிக்க வேண்டிய இடம் கருப்பு ஜன்னல்; நான் பைத்தானுக்குள்ளேயே அடித்திருக்கிறேன்.

மெனுவில் தேடி, புதுப் பைத்தானில் புரோகிராமைத் திறந்து ஓட்டினேன். பஸ் புதுச்சத்திரம் வந்தபோது, திரையில் ஆயிரத்து நூறு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு தேவநாதன் சார் இரண்டு நாள் உழைத்த தாள்களை மேடம் மேஜையில் வைத்தார். மேடம் அவற்றையும் என் லேப்டாப்பையும் பார்த்தார். "ஃபிசிக்ஸ்ல பத்துப் பேரு ஃபீஸ் கட்டல. அவுங்கள எடுத்துட்டு மறுபடி போடுங்க."

சார் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அந்தப் பத்துப் பெயரை நீக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். பத்து விநாடி.

"ஆர்டர டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார் மேடம். என் ஆர்டரை நானே டைப் செய்தேன். என் பெயரையே தப்பாக அடித்தேன்.

மதியம் என் கணவர் ஃபோன் செய்தார்.

"பாத்தியா எழிலு, நல்ல நேரத்துல போட்டதுதானே ஓடிச்சு?"

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், வேலை கிடைத்ததே அதில்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"ரெண்டு பைத்தானுமே நான் போட்டதுதாங்க" என்றேன்.